முப்பது நொடியும் முப்பது ஆண்டும்

நுழையும்முன்

விளையாட்டு பொழுதுபோக்காக இருக்கும் வரை வெற்றியும் தோல்வியும் அன்றைய மாலையோடு முடிந்துவிடும். அதுவே தொழிலாகும்போது உடல் முதலாகிறது. காலம் எல்லை வகுக்கிறது. ஒரு காயம் குடும்பத்தின் வருவாயைத் தீர்மானிக்கிறது. நம் மண்ணின் ஆட்டமாகிய கபடியில் எதிரணிக்குள் தனியே பாடிச் செல்பவரின் தொழில் வாழ்க்கையை இக்கட்டுரை விளக்குகிறது.

பொங்கல் நெருங்கும் நாள்களில் உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் அறுவடை முடிந்த கழனியோ ஊர்ப் பொதுத்திடலோ கபடிக் களமாக மாறிவிடும். இளைஞர்கள் மண்ணைக் கொத்திக் கட்டி உடைப்பர், கல் பொறுக்குவர், நீர் தெளித்துப் பதப்படுத்துவர், சுண்ணாம்புத் தூளால் கோடு கிழிப்பர். இரவில் கம்பங்களில் விளக்குகள் ஒளிரும். ஒலிபெருக்கி அணிகளின் பெயர்களை அழைக்கும். ஆட்டம் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் ஒருவரையே நோக்கும். அவர் நடுக்கோட்டைத் தொட்டு வணங்கி, மூச்சை அடக்கிக் 'கபடி, கபடி' என்று பாடியபடி, ஏழு பேர் காத்திருக்கும் எதிர்ப்பக்கத்துக்குள் தனியாக நுழைவார்.

சடுகுடு என்று நம் முன்னோர் அழைத்த இவ்வாட்டத்தில் அவ்வாறு பாடிச் செல்பவரை இன்றைய தொழில்முறைக் கபடி 'ரெய்டர்' என்கிறது. அவரைச் சூழ்ந்து பிடிக்க முயல்வோர் தடுப்பாட்டக்காரர்கள். களத்தில் அவருக்குக் கிடைப்பது 30 நொடி. அந்த 30 நொடியை நம்பி ஒருவர் தம் வாழ்வை அமைத்துக்கொள்ள முடியுமா என்பது, பள்ளிப் படிப்புக்கும் ஆட்டக்களத்துக்கும் இடையே நிற்கும் மாணவர் பலரின் கேள்வி.

பாடிச் செல்பவரின் பணி

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோடு அதனை இரண்டாகப் பிரிக்கிறது. பாடிச் செல்பவர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவிலுள்ள கோட்டைக் கடக்க வேண்டும். அல்லது எதிரணியினர் ஒருவரையேனும் தொட வேண்டும். இரண்டும் செய்யாமல் திரும்பினால் ஆட்டமிழப்பார். மேலும் 1 மீட்டர் தள்ளி ஊக்கப்புள்ளிக் கோடு உள்ளது. எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கையில் அக்கோட்டைத் தாண்டிக் கால் பதித்து மீண்டால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

எதிரணியினர் ஒருவரைத் தொட்டு மீண்டால் அவர் வெளியேறுவார். ஏற்கெனவே வெளியேறிய தம் அணி வீரர் ஒருவர் உள்ளே திரும்புவார். எனவே பாடிச் செல்பவரின் ஒவ்வொரு தொடுகையும் தம் அணியினர் ஒருவருக்கு மீண்டும் ஆடும் வாய்ப்பைத் தருகிறது. அவர் பிடிபட்டாலோ எதிரணிக்குப் புள்ளி சேர்வதோடு தம் அணியும் ஓர் ஆளை இழக்கிறது. தொழில்முறைத் தொடரில் ஓர் அணி தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாம் முறை செல்பவர் புள்ளி பெற்றே ஆக வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும்.

இப்பணிக்கு வலிமை மட்டும் போதாது. கால் விரலால் தொடுதல், ஓடும்போதே கையால் தொடுதல், சங்கிலியாகக் கைகோத்து வருவோரின் கைகளுக்கடியில் குனிந்து நுழைந்து வெளிவருதல், மடக்க வருபவரின் தோள்மீது தாவுதல் எனப் பல நுட்பங்கள் உள்ளன. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: விரைந்து ஓடும் உடலை ஒரு கணத்தில் நிறுத்தி வேறு திசைக்குத் திருப்பும் ஆற்றல். பாடிச் செல்பவரின் பெருமை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. அவருக்கு நேரும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அமெரிக்கக் கால்பந்து என்னும் ஆட்டத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க பணி ஒன்று உண்டு. பெயர் கால்பந்தாயினும் அதில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெசத் தொலைவு முன்னேற வேண்டும் என்பது விதி. பந்தைக் கையில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியினரின் நடுவே ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பர். அவரை வீழ்த்துவதே எதிரணியினரின் வேலை. ஓர் ஆட்டத்தில் பலமுறை அவர் மோதப்பட்டு நிலத்தில் விழுகிறார். இப்பணியில் ஒருவர் நீடிக்கும் காலம் சராசரியாக மூன்று ஆண்டுக்கும் குறைவு என்பது அந்நாட்டு ஆட்டக்காரர் சங்கம் நெடுநாளாகக் கூறிவரும் கணக்கு.

கேல் சேயர்ஸ் என்னும் வீரரின் வாழ்வு இதனை விளக்கும். 1965இல் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்த அவர் முதல் ஆண்டிலேயே நாடறிந்தவரானார். 1968இல் வலது முழங்கால் சிதைந்தது. அறுவை மருத்துவத்துக்குப்பின் மீண்டு வந்து, 1969இல் பந்துடன் ஓடிக் கடந்த தொலைவில் தொடரிலேயே முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு இடது முழங்காலும் காயமுற்றது. மொத்தம் 68 ஆட்டங்களோடு அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது. பிறகு அவர் செய்தது எண்ணத்தக்கது. பாதியில் விட்டிருந்த பட்டப்படிப்பைக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் முடித்தார். 1976இல் தென் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநரானார். 1977இல், 34 வயதில், அவ்வாட்டத்தின் புகழ்மாடத்தில் இடம்பெற்றார். முதுமையில் நினைவிழப்பு நோயுற்று 2020இல் மறைந்தார். ஆட்டத்தில் அவர் தலைபட்ட மோதல்களுக்கும் அந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என அவர் குடும்பத்தார் கருதினர்.

திடலிலிருந்து ஏலத்துக்கு

கபடி 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டப்பட்டது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. அன்று முதல் 2014 வரை ஆண்கள் பிரிவில் ஏழுமுறையும் இந்தியாவே தங்கம் வென்றது. 2018இல் ஈரானிடம் அரையிறுதியில் தோற்றுப் பட்டத்தை இழந்தது. 2023இல் ஹாங்சோ நகரில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பிரிவுகளிலும் தங்கம் பெற்றது.

நாட்டுக்காகத் தங்கம் வென்றவர்கள்கூட நெடுங்காலம் ஆட்டத்தால் பெரும்பொருள் ஈட்டியதில்லை. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடி தொடர் இந்நிலையை மாற்றியது. 2017இல் தமிழ் தலைவாஸ் உள்ளிட்ட நான்கு அணிகள் சேர, அணிகளின் எண்ணிக்கை 12 ஆனது. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகின்றனர். 2023ஆம் ஆண்டு ஏலத்தில் அடிப்படை விலை 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், 9 லட்சம் ரூபாய் என நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது.

இத்தொகைகளைக் கேட்டதும் எவர் மனத்திலும் ஆசை எழுவது இயல்பு. உடன் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அணியில் 25 பேர் எனக் கொண்டாலும் 12 அணிகளில் 300 பேருக்கே இடம் உண்டு. அவர்களுள் பாடிச் செல்வோர் ஒரு பகுதியினரே. நாடெங்கும் ஊர்த் திடல்களில் இந்த இடங்களுக்காகப் பாடிக்கொண்டிருப்போரோ எண்ணற்றோர்.

ஏற்றமும் இறக்கமும்

ஏலத்தின் இயல்பை இரு வீரர்களின் வாழ்க்கை காட்டுகிறது.

பர்தீப் நர்வால் அரியானா மாநிலம் சோனிபத் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பாட்னா பைரேட்ஸ் அணி தொடர்ந்து மூன்று பட்டங்களை வெல்ல முதன்மைக் காரணமானவர். 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பாடிச் சென்று 369 புள்ளிகள் எடுத்தார். எதிரணியினரின் கைகளுக்கடியில் முங்கி எழும் நுட்பத்தால் புகழ்பெற்றார். 2021ஆம் ஆண்டு ஏலத்தில் 1 கோடியே 65 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2024இல் அவரது விலை 70 லட்சம். 2025இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அதையடுத்து ஓய்வை அறிவித்தார். அதுவரை அவர் எடுத்த 1,801 புள்ளிகளை வேறெவரும் எட்டியிருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

பவன் செராவத்தின் கதை வேறுவிதமானது. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி அவரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை எவருக்கும் அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை. அப்பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்றார். அதன்பின் அப்பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. மருத்துவமும் பயிற்சியும் பெற்று மீண்ட அவர், 2023இல் ஹாங்சோவில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அதே மாதம் தெலுகு டைட்டன்ஸ் அணி அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகைக்கு எடுத்தது.

பவன் இல்லாத அந்த 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் நரேந்தர் என்னும் புதிய இளைஞர் பாடும் பொறுப்பை ஏற்று 243 புள்ளிகள் எடுத்தார். தமிழ் தலைவாஸ் அணி முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது. ஒருவரின் இழப்பு மற்றொருவரின் வாய்ப்பாகிறது. எவ்வளவு சிறந்தவராயினும் அவரது இடத்தை நிரப்ப வேறொருவர் காத்திருக்கிறார் என்பது இத்தொழிலின் இயற்கை.

உடல் என்னும் முதல்

வணிகருக்குப் பணம் முதல். உழவருக்கு நிலம் முதல். ஆட்டக்காரருக்கு உடலே முதல். நிலம் தரிசாகக் கிடந்தாலும் மறுபருவம் விளையும். உடல் அவ்வாறன்று.

தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் முழங்காலின் உள்ளே பிணைக்கும் நார்களுள் ஒன்றை மருத்துவர்கள் 'ஏ.சி.எல்.' என்று சுருக்கமாகக் குறிப்பர். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பினால், எவரும் மோதாமலேயே இந்நார் அறுந்துபோகலாம். பாடிச் செல்பவரின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்கையில் மற்றொருவர் தோளில் மோதினால் ஆபத்து இன்னும் மிகுதி. அறுந்த நாரைச் சீரமைத்தபின் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இடையில் தசைகளை வலுவூட்டும் பயிற்சி இன்றியமையாதது. வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டதாக எண்ணி உடனே ஆடப்போவது முழங்காலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வாந்தியோ ஏற்பட்டால் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடைப்பிரிவுக்குள் நுழைவதற்காகப் போட்டிக்கு முன்பு உணவையும் நீரையும் தவிர்ப்பது ஊர்ப்புறங்களில் காணப்படும் மற்றொரு தவறு. நீரிழந்த உடலில் தசைப்பிடிப்பும் மயக்கமும் எளிதில் வரும், சிறுநீரகமும் பாதிப்புறும். தொழில்முறை அணிகளில் உடலியக்க மருத்துவர் உடனிருப்பார். ஊர்த் திடலில் அந்த வாய்ப்பு அரிது. ஆகவே அங்கு ஆடுபவருக்கு இந்த அறிவு கூடுதலாகத் தேவை.

தடுப்பாட்டக்காரரும் காயத்துக்கு விலக்கானவர் அல்லர். ஆயினும் பாயும் வேகத்தைவிடக் காலங்கணித்துப் பிடிக்கும் நுட்பமே அவருக்கு முதன்மையானதால், அவர் நீண்ட காலம் ஆட இயலும். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் இதற்குச் சான்று. 2016இல் தம் 41ஆம் வயதில் பாட்னா பைரேட்ஸ் அணியைத் தலைமையேற்றுப் பட்டம் வெல்லச் செய்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். பாடிச் செல்வோருள் அத்தகைய நீண்ட வாழ்க்கை அரிதினும் அரிது.

தெரியுமா?

களத்தில் மூவர் அல்லது அதற்கும் குறைவான தடுப்பாட்டக்காரர் இருக்கும்போது பாடி வருபவரைப் பிடித்துவிட்டால், தடுத்த அணிக்குக் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். எதிரணியினர் அனைவரையும் வெளியேற்றினால் கிடைக்கும் இரண்டு புள்ளிகளுக்கு 'லோனா' என்று பெயர்.

கல்வெட்டு கூறும் கால் வேலி

கபடித் திடல்களிலிருந்து சற்றுத் தொலைவில், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பது பற்றிய விதிகளை அவை கூறுகின்றன. அன்றைய சமூகத்தின் எல்லைக்குட்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டுமே அந்த வாய்ப்பு இருந்தது. எனினும் அவ்விதிகளுள் இரண்டு நம் பொருளுக்கு ஏற்றவை.

முதலாவது, பொறுப்புக்குக் கால எல்லை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர் 360 நாள்கள் பணிபுரிவார். பிறகு விலக வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. இரண்டாவது, பொறுப்புக்கு வருபவருக்குத் தமக்கென நிலைத்த ஆதாரம் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் அவருக்கு இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும், அவர் உரிய கல்வியைக் கற்றுப் பிறருக்கு விளக்கவும் வல்லவராயின் தகுதி பெறுவார். நிலத்தின் குறையைக் கல்வி ஈடுசெய்தது.

அவ்விதிகள் வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஆனால் காலவரையறை உள்ள எப்பொறுப்புக்கும் அவை பொருந்துகின்றன. பாடிச் செல்பவரின் காலமும் வரையறைக்கு உட்பட்டதே. பத்து ஆண்டுகள் அவர் உச்சத்தில் இருந்தால் அது பெரும்பேறு. முப்பது வயதை ஒட்டி ஆட்டம் முடியும்போது, உழைத்து வாழ வேண்டிய ஆண்டுகள் இன்னும் முப்பது எஞ்சியிருக்கும். களத்தை விட்டு வெளியே வரும் நாளில் அவர் கால் ஊன்ற ஒரு கால் வேலி வேண்டும். நிலமில்லாத குடும்பத்து மாணவருக்கு அந்தக் கால் வேலி கல்வியே ஆகும்.

ஆட்டத்துக்கு அப்பால்

கபடி வீரர்கள் பலர் இதனை உணர்ந்து நடந்துள்ளனர். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்து, 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் கணேசன். அர்ஜுனா விருது பெற்றவர். ஏலத்தொகை இல்லாத அக்காலத்தில் தமிழ்நாடு மின்சார வாரியப் பணியே அவருக்கு வாழ்வாதாரமாக இருந்தது. தமிழ் தலைவாஸ் அணியின் முதல் தலைவரும் 2016 உலகக் கோப்பையில் பாடிச் சென்று மிகுதியான புள்ளிகள் எடுத்தவருமான அஜய் தாக்குர், இமாச்சலப் பிரதேசக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றார்.

தமிழ்நாட்டில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. உயர்கல்விச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்கென இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. 1992இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பயிற்சிக்கு வழி செய்கிறது. இரயில்வே, காவல்துறை, வங்கிகள் முதலியனவும் ஆட்டக்காரர்களைப் பணிக்கு எடுக்கின்றன. இப்பணிகளுக்கெல்லாம் ஆட்டத் திறமையோடு கல்வித்தகுதியும் கேட்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர், பதக்கம் பெற்றிருந்தும், பல வாயில்களின் முன் நின்று திரும்ப நேரிடும். ஆகவே மதிப்பெண் பட்டியலைப் போலவே போட்டிச் சான்றிதழ்களையும் பாதுகாக்க வேண்டும். ஊர்ப் போட்டியின் கோப்பை அலமாரியை அழகுசெய்யும்; ஏற்பளிக்கப்பட்ட மாவட்ட, மாநிலப் போட்டிகளின் சான்றிதழே பணிக்கும் படிப்புக்கும் பயன்படும்.

ஆட்டத்தின் உள்ளேயும் பிற தொழில்கள் உள்ளன. பயிற்றுநர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர், உடலியக்க மருத்துவர், வருணனையாளர், ஆட்டப் பகுப்பாய்வாளர் என அவை விரிகின்றன. களத்தில் பெற்ற பட்டறிவோடு முறையான படிப்பும் சேரும்போது இவ்வழிகள் திறக்கும்.

பெண்களின் நிலை தனியே எண்ணத்தக்கது. பன்னாட்டுக் களத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோதிலும் ஆண்களுடையதற்கு இணையான தொழில்முறைத் தொடர் அவர்களுக்கு இன்னும் வேரூன்றவில்லை. சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025இல் பகுரைன் நாட்டில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் துணைத்தலைவராக விளங்கினார். அவரைக் கண்டு களமிறங்கும் மாணவியருக்கு வேலைவாய்ப்பும் கல்வியுமே இன்றைய உறுதியான துணைகள்.

மூச்சும் முயற்சியும்

கபடியில் கற்றுத் தரப்படும் முதற்பாடம் புகுவது. இரண்டாம் பாடம் மீள்வது. எத்தனை பேரைத் தொட்டாலும் நடுக்கோட்டுக்குத் திரும்பாதவருக்கு அந்தத் தொடுகைகள் புள்ளியாவதில்லை. பயிற்றுநர் அதனால்தான் புதியவரிடம், முன்னேறும்போதே திரும்பும் வழியைப் பார்த்து வைக்கச் சொல்வார். தொழில் வாழ்க்கைக்கும் அதுவே விதி. ஆடும் காலத்திலேயே திரும்பும் வழியை அமைத்துக்கொள்பவர் அச்சமின்றி ஆடுகிறார். தோல்வியோ காயமோ வந்தால் வேறு வழி உண்டு என்னும் உறுதி அவர் கால்களுக்கு வலுவூட்டுகிறது. படிப்பைத் தொடர்வது ஆட்டத்தின்மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதன்று. நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று அறிந்து பாடுவதாகும்.

பொங்கல் முடிந்து விளக்குகள் அணைந்தபின் திடல் மீண்டும் கழனியாகும். உழுது நீர் பாய்ச்சப்படும். அங்கு பாடிய இளைஞர்கள் மறுநாள் காலை பள்ளிக்கும் கல்லூரிக்கும் புறப்படுவர். அவர்களுள் ஒருவர் நாளை ஏல மேடையில் பெயர் சொல்லி அழைக்கப்படலாம். அழைக்கப்பட்டாலும் அழைக்கப்படாவிட்டாலும், அவர் தோளில் தொங்கும் புத்தகப்பை அந்தப் பயணம் முழுவதும் அவருக்குத் துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கபடி ஆடி, இன்று வேறு தொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, அவர் ஆட்டத்தை விட்ட சூழலையும் அதன்பின் அமைத்துக்கொண்ட வாழ்க்கையையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் மேல்நிலைக் கல்வியை முடித்தே ஆக வேண்டும்' என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. கபடியில் உங்கள் ஊரில் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு விளக்கம் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.